நாலு வாசல் அண்ணாச்சியின் சுயநலம்

விருதுநகர் மாவட்டத்தின் மிகப் பெரிய சுயநலக்காரர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், மற்றவர்களெல்லாம் இரண்டாம் பரிசுக்குத்தான் நிற்க வேண்டும். முதல் பரிசு எங்கள் நாலு வாசல் அண்ணாச்சிக்கு. பெயரை அறிவித்து முடிப்பதற்குள் மேடையில் ஏறி வாங்கிக்கொண்டு, வேறு வழியாக இறங்கிப் போயும் விடுவார். சுயநலக்காரர் என்று சொன்னால் உலகத்தில் எல்லோருக்கும் கோபம் வரும். அவர் மட்டும், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பிள்ளைகளுக்குக் கேக்கட்டும்" என்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். சிவகாசியில் எங்கள் தெரு முனையில் அவர் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அதற்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை அறைகளுக்கு ஒரு முறை உண்டு. ஓர் அறைக்கு நான்கு பேர்; நான்கு பேருக்கும் தனித்தனி வாசல். எங்காவது பொறி தட்டினால் அவரவர் வாசல் வழியாக அவரவர் ஓட வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பினால் வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டால் இரண்டு பேருமே வெளியே வரமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்த முறையை ஒரு வீடியோ கேம் கடைக்குக் கொண்டுவந்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அந்தக் கடை நான்கு பக்கமும் சந்து விட்டுத் தனியாக நின்ற ஓர் ஒற்றை அறை. கட்டடத்தின் சொந்தக்காரர் குலதெய்வம் கும்பிடப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு வாசலாக இருந்ததை நான்காக வெட்டிவிட்டார். திரும்பி வந்த கட்டடக்காரர் நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எண்ணே, நான் குடுத்தது கடை. இது நாலு பக்கமும் தொறந்த தேர்முட்டியால்ல இருக்கு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"காத்து நல்லா வரும், நீயும் உக்காரு" என்றார் அண்ணாச்சி.

கம்பெனி அறைகளின் சுவரில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். மருந்து என்றால் வெடிமருந்து. அண்ணாச்சியும் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தார்: 'ஆட்கள்: 4. மருந்து: இல்லை.' அவரைத் தவிர, ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்க்கக்கூட உள்ளே வர முடியாது. நுழைகிறபோது சுவரில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் மின்சாரம் ஏறியிருந்தால் இறங்கிவிடுமாம். நைலான் சட்டைக்கு அனுமதி கிடையாது. வானத்தில் ஓர் இடி இடித்தால் கடைக்கு விடுமுறை. வெயில் ஏறிய பிறகு கம்பெனிகளில் மருந்து கலக்க மாட்டார்கள் என்பதால், குண்டு போடும் ஆட்டங்களெல்லாம் காலையில் மட்டும். உச்சி வெயிலில் கிரிக்கெட்தான் ஆட வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வெடிக்கிற குண்டுக்கு வெயில் என்ன செய்யும் என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். "ஏலே, பழக்கம்டா. இங்கன உச்சி வெயில்ல குண்டு போட்டுப் பழகிட்டு நாளைக்குக் கம்பெனிக்குப் போயி அதையே செய்வ" என்று அவனை ஒரு வாரத்துக்குக் கிரிக்கெட்டிலேயே போட்டுவிட்டார்.

அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலையை மேற்பார்வை பார்ப்பதுபோலப் பிள்ளைகளுக்குப் பின்னால் நடப்பார். திரையில் ஓடுகிற வீரர்களெல்லாம் அவருக்குக் கூலிக்கு வந்த ஆட்கள்தான்.

"அந்தப் பய எதுக்கு எண்ணெய் டிரம்மு பக்கத்துல நின்னு துப்பாக்கி சுடுறான்? இவனை எந்தக் கம்பெனியில வேலைக்கு எடுத்தாக?"

எரிகிற மாளிகைக்குள் ஒரு கதாநாயகன் ஓடினால் அவருக்குத் தாங்காது. "இவனுக்குக் கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்புங்கலே" என்று வெளியே போய்விடுவார்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். அந்த விசிலைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஆட்டம் சூடாகி, பிள்ளைகள் உலகத்தை மறந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஊதுவார். ஊதியதும் நான்கு பிள்ளைகளும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் வாசல் வழியாகப் பாய்ந்து, எதிரில் இருக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். செருப்பை எடுத்தவனுக்கு ஆட்ட நேரத்தில் கழிவு. அடுத்தவனைக் கூப்பிட்டவனுக்கு அதைவிடப் பெரிய கழிவு. திரும்பிப் பார்த்தவனுக்கு அன்று ஆட்டமே கிடையாது. யாரையும் சட்டை செய்யாமல் முதலில் ஓடி வந்தவனைத் தட்டிக்கொடுத்து, "இவன்தான்யா பிழைக்கத் தெரிஞ்ச பய" என்று கூடுதல் நேரம் கொடுப்பார்.

பிள்ளைகள் நன்றாகப் பழகிவிட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் தெரு முனையில் விசில் ஊதினாலும் நான்கு வாசலிலும் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். பஸ்ஸில் இருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சிலர் அதைப் பார்ப்பதற்கென்றே ஜன்னல் ஓரம் இடம் பிடித்தார்கள். "தப்பான விசிலுக்கு ஓடுறானே" என்று யாராவது சிரித்தால் அண்ணாச்சிக்குப் பெருமைதான். "ஓடட்டும். ஓடிட்டு யோசிக்கிறவன் வீட்டுக்கு வருவான். யோசிச்சிட்டு ஓடுறவனைத்தான் தேடணும்."

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கடையின் நிரந்தர ஆட்கள். செல்வி அப்போது எட்டாம் வகுப்பு. தம்பி குமரன் நான்காம் வகுப்பு. நான் பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. தமிழோடு நன்னெறி வகுப்பும் என் தலையில்தான். பிறருக்காக வாழ்வதே வாழ்வு என்று பகலெல்லாம் தொண்டை வற்றப் பேசிவிட்டு நான் வீடு திரும்பும் நேரத்தில், என் சொந்தப் பிள்ளைகள் தெரு முனையில் அதற்கு நேர் எதிரான பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என் அடுப்படிக்கே வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தது. கூடத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த செல்வி வாசல் பக்கமும், குமரன் கொல்லைப் பக்கமுமாகப் பறந்துவிட்டார்கள். பெற்ற தாய் நான் கரண்டியும் கையுமாக அடுப்புக்கு முன்னால் தனியாக நிற்கிறேன். என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, "நல்ல வேகம்" என்றார்.

அதே கரண்டியோடு கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி பிள்ளைகளைப் பழக்கி வச்சிருக்கீங்க? பெத்தவளை அடுப்புல விட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுதுங்க."

அவர் நிதானமாகக் கேட்டார். "ஓடுறப்ப ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டாகளா?"

"இல்ல."

"திரும்பிப் பாத்தாகளா?"

"இல்ல."

"பிறகென்ன டீச்சர். நல்லா வளத்திருக்கீக."

அன்று தொடங்கியது எங்கள் வாதம். அது ஒரு நாளும் கடையோடு முடிந்ததில்லை. நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தால், பதில் மறுநாள் எங்கிருந்தாவது வந்து சேரும். காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வரும். ஒருமுறை துட்டி வீட்டில், பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு என் பக்கமாகக் குனிந்து, "நீங்க நேத்துச் சொன்னது யோசிச்சேன் டீச்சர், தப்பு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய சண்டை செல்வியைப் பற்றித்தான். அவளும் தம்பியும் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் ஓட வேண்டும். பின்னாலேயே ஒரு நெருப்பு துரத்திக்கொண்டு வரும். குமரனின் சிப்பாய் எப்போதும் ஏதாவது ஒரு பள்ளத்தில் விழுந்துவிடும். செல்வி முன்னால் போனவள், உடனே திரும்பி வந்துவிடுவாள். நெருப்பு வந்து இரண்டு பேரையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். தினமும் இதுதான். விசில் ஊதும்போதும் அவள்தான் வாசலில் ஒரு நொடி நின்று தம்பி இருக்கும் பக்கம் பார்ப்பாள். கடையிலேயே அதிகக் கழிவு வாங்கிய ஆள் அவள்தான்.

"ஏ தாயி, நீ திரும்புனதுல அவனும் செத்தான், நீயும் செத்த. இப்ப யாரு மிச்சம்?"

"பரவால்ல அண்ணாச்சி. சேந்தே சாவோம்."

"சேந்து சாகுறதுக்கு எதுக்குத்தா நாலு வாசல்? ஒண்ணை வச்சுட்டு மிச்சத்தைப் பூசிருவேனே."

எனக்கோ உள்ளுக்குள் பெருமை. என் வகுப்புகள் வீண் போகவில்லை, என் மகளுக்குள் போயிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"அவ மனசு அப்படி அண்ணாச்சி. அதை மாத்தாதீங்க. விளையாட்டுதானே, செத்தா மறுபடி வரப்போறாங்க."

"அதேதான் டீச்சர் சொல்றேன். பெட்டிக்குள்ள மூணு உசுரு குடுக்கான். இங்கன ஒண்ணுதான். பாத்துச் செலவழிக்க வேணாமா?"

"எல்லாரும் தனக்குத் தனக்குன்னு ஓடுனா உலகம் என்னத்துக்கு ஆகும்?"

"எல்லாரும் வெளிய இருப்பாக."

நானும் விடவில்லை. ஒரு நாள் எனக்கும் ஓர் அருமையான கேள்வி கிடைத்தது. "அண்ணாச்சி, நீங்க சொக்கத் தங்கமான சுயநலக்காரரு. ஒத்துக்கிறேன். சுயநலக்காரருக்குத் தான் ஓட ஒரு வாசல் இருந்தாப் போதுமே. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துலயே அது இருக்கு. மத்தவங்களுக்கு எதுக்கு மூணு வாசல் வெட்டுனீங்க?"

அவர் விசிலை எடுத்துத் துடைத்தார். பதில் ஒருநாள் கழித்து, நான் பள்ளிக்கூடப் படியேறும்போது தெருவிலிருந்து வந்தது. "ஏவாரம் டீச்சர். தப்பிக்க வழியில்லாத கடைக்கு எவன் வருவான்?" அது பதிலே இல்லை என்று அவருக்கும் தெரியும். என் மாணவிகள் சிரித்தார்கள். நான் அந்தச் சுற்றில் வென்றேன் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு கதை உலவியது. கம்பெனியில் ஒரு விபத்து நடந்ததாம், அதில் உடன்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தாராம், அதனால்தான் இப்படி ஆகிவிட்டாராம். என் மனதும் அதை நம்ப ஆசைப்பட்டது. ஒரு நாள் பக்குவமாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொன்னான்? எந்தம்பி மல்லாங்கிணறுல மாட்டுத்தீவனம் விக்கிறான். நான் போர்மேனா இருந்த காலம் பூராம் என் செட்டுல ஒரு ஆளுக்கு விரல் நகம் கருகல. ஒண்ணும் நடக்கல டீச்சர். எங்கிட்ட ஒண்ணுமே நடக்கல. அதை ஒரு பய கதையாச் சொல்ல மாட்டேங்கிறான்."

கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம் அது நடந்தது.

கடைக்குப் பின்பக்கச் சந்துக்கு அப்பால், காலண்டர் வெட்டிய தாள் துண்டுகளைக் கொட்டி வைக்கும் ஒரு கிடங்கு இருந்தது. தாள் மூட்டைகளுக்கு அடியில் யாரோ விற்காமல் போன வெடிகளைப் பதுக்கி வைத்திருந்தது ஒருவருக்கும் தெரியாது. நான் வீட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவையில்லை. கேட்டதும் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று. நானும் பார்த்தேன். தெரு முனையில் எழும்பியது. கையில் இருந்த துணி என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடும்போது இரண்டாவது சத்தமும் கேட்டது. செல்வி நின்றிருப்பாள் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. அவள் நின்றிருப்பாள். அவள் தம்பியைத் தேடித் திரும்பியிருப்பாள். நான்தான் அவளை அப்படி வளர்த்தேன்.

கடையின் பின்சுவர் இல்லை. ஓடு முழுவதும் உள்ளே விழுந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்பினேன். அதற்கு அடியில் செல்வி நின்றாள். குமரன் நின்றான். இன்னும் இரண்டு பையன்கள் நின்றார்கள். நான்கு பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அண்ணாச்சி நின்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். குமரன் பெயரைச் சொன்னதும், "சத்தமாச் சொல்லுலே" என்றார். அவன் மறுபடி சொன்னான்.

பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு நான் மண்ணில் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் சத்தம் எழும்பியது. எதிரே பைண்டிங் கடை வைத்திருப்பவர். அந்த நால்வரில் ஒருவன் அவருடைய மகன். அவர் தன் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"நான் எங்கண்ணால பாத்தேன்யா. மொத சத்தம் கேட்டதும் மொத ஆளா வெளிய வந்தது யாரு தெரியுமா? இந்த ஆளு. விசிலை ஊதிக்கிட்டே வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு ஓடியாராரு. பச்சப் பிள்ளைக உள்ள கிடக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தாரா?"

கூட்டம் அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் மறுப்பார் என்று நினைத்தேன். கண் எரிந்தது, காது அடைத்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றார். "மொத ஆளு நான்தான். திரும்பலை."

"வெக்கமா இல்ல?"

"வெக்கம் என்னத்துக்கு? நாலும் வெளிய நிக்குது. எண்ணிப் பாத்துக்கோங்க."

அந்தப் பதில்தான் அவரைக் கவிழ்த்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் கொஞ்சம் கண்ணீர் விட்டிருந்தால் போதும், தெரு அவரைத் தோளில் தூக்கியிருக்கும். அவர் எண்ணிப் பார்க்கச் சொன்னார். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். விசில் கயிறு அறுந்து கீழே விழுந்தது. குமரன்தான் அதை எடுத்துக் கொடுத்தான்.

அன்று வீட்டில் செல்வி சாப்பிடவில்லை. பயந்திருக்கிறாள் என்று நினைத்துத் திருநீறு பூசினேன், மடியில் போட்டுக்கொண்டேன். அவள் அழுதது பயத்தில் இல்லை.

"அம்மா, நான் தம்பியப் பாக்கவே இல்லம்மா."

"என்ன கண்ணு?"

"விசில் ஊதுனாரு. நான் ஓடிட்டேன். அவன் எங்க இருக்கான்னு நினைக்கக்கூட இல்ல. எங்கால் மட்டும் தானா ஓடிருச்சு. அவன் உள்ள இருந்திருந்தா? நான் எம்புட்டுக் கெட்டவ பாத்தியா. நீ சொல்லுவேல்ல, தனக்குன்னு மட்டும் நினைக்கிறவங்க மனுசங்களே இல்லைன்னு."

நான் சொல்லியிருக்கிறேன். அதைப் பல விதமாக, பல வருடங்களாகச் சொல்லியிருக்கிறேன். என் மகள் உயிரோடு என் மடியில் கிடக்கிறாள். கிடந்துகொண்டு, உயிரோடு இருப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

பக்கத்தில் குமரன் தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தான். பசி அவனை விடவில்லை. அக்கா அழுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நான் பாத்தேன்க்கா" என்றான்.

"எதைடா?"

"விசில் ஊதுனதும் நீ நிக்கிறியான்னு பாத்தேன். எப்பவும் நிப்பேல்ல. நின்னா உங்கூட வரலாம்னு பாத்தேன். நீ இல்ல. அண்ணாச்சியும் இல்ல. ஒருத்தருமே இல்ல. அதான் நானும் ஓடிட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த முறுக்கை எடுத்தான்.

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு ஆள் அன்போடு நின்றிருந்தால் இவனும் நின்றிருப்பான். கதாநாயகனைப்போல ஒரு பெரிய மனிதர் கடைசி ஆளாக வரக் காத்திருந்தால், நான்கு பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஓட்டுக்கு அடியில் நின்றிருப்பார்கள். செல்வி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "எனக்கு வைக்காமத் தின்னுருவ நீ" என்றாள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் இன்றும் முழுதாகத் தேறிவிடவில்லை. செல்வி இப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். எங்கள் ஊரில் எங்காவது டமார் என்றால் நான் மதுரைக்குப் போன் போடுகிறேன். "அம்மா, சத்தம் உனக்குத்தான கேட்டுச்சு, எனக்கு எதுக்குப் போடுற" என்கிறாள். இதைத் தாய்மை என்று சொல்வதா, தன் நிம்மதிக்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும் சுயநலம் என்று சொல்வதா என்று அண்ணாச்சியிடம்தான் கேட்க வேண்டும்.

அண்ணாச்சி அந்த வெடியோடு ஒடுங்கிவிடவில்லை. அந்த வருடமே தெருவின் மறுகோடியில் வேறோர் அறையைப் பிடித்தார். புதுக் கட்டடக்காரர் எந்த ஊருக்கும் போகிற மாதிரி தெரியவில்லை. அதனால் அவர் கண் முன்னாலேயே சண்டை போட்டு நான்கு வாசல் வெட்டினார். பழைய பெட்டிகளைச் சேர்த்தார். சுவரில் எழுதினார். செம்புத் தகடு அடித்தார். எல்லாம் தயார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடியவர் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சாயங்காலம் நான் பள்ளிவிட்டு வரும்போது பார்ப்பேன். நான்கு வாசலும் திறந்திருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலி நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். என்னைப் பார்த்தாலும் வாதத்துக்கு வரமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் நேராகப் பைண்டிங்காரர் வீட்டுக்குப் போனேன்.

"உங்க பையன் அன்னைக்கு எப்படி வெளிய வந்தான்?"

"ஓடி வந்தான்."

"யாரு சொல்லிக் குடுத்து ஓடுனான்?"

"அதுக்கு? ஒரு பெரிய மனுசன் பிள்ளைகளை ஒரு பார்வை பாத்துட்டு ஓடியிருக்கலாம்ல டீச்சர்? நீங்களே இப்படிப் பேசுறீக?"

"பாத்திருந்தா, இவரும் அவங்களைப் பாக்க, அவங்களும் இவரைப் பாக்க, எல்லாரும் பாத்துக்கிட்டே நின்னுருப்பாங்க" என்றேன். குமரன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் பசைக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "ஏலே, புஸ்தகத்தை மூடிட்டு அண்ணாச்சி கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா. பருத்திச் சட்டை போட்டுட்டுப் போ."

மறுநாள் சாயங்காலம் செல்வி, குமரன், பைண்டிங்காரர் மகன், அவன் இழுத்து வந்த இன்னொரு பையன் என்று நால்வரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். செல்வி நுழையும்போது அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் அன்னைக்குத் திரும்பலை" என்றாள்.

"தெரியும். நானும் திரும்பலையே, அதான் பாக்க முடியலை" என்றார். "அந்தா இருக்குது பாரு, இனிமே உன் வாசல் அதுதான். போ."

பிறகு என் பக்கம் வந்தார். சந்தேகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரே வேண்டாம்னு ஒதுக்குன ஆளுக்கு நீங்க எதுக்கு வீடு வீடாப் போயி ஆள் பிடிக்கீக? பரோபகாரமா?"

ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றே கடையைப் பூட்டியிருப்பார். இரக்கத்தில் வந்த ஆட்டத்தை அவர் அனுமதிக்க மாட்டார்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் எனக்காகத்தான். என் பிள்ளைங்க வேற கடைக்குப் போனா எனக்கு நிம்மதி இருக்காது. வேற எவன் கடையில நாலு வாசல் இருக்கு? முழுக்க என் சுயநலம்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை நாள் வாதத்தில் ஜெயித்துவிட்ட முகம் அது.

"இப்பத்தான் டீச்சர் நீங்க ஒழுங்காப் பேசுறீக" என்று விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான் சொன்னதில் பாதி உண்மை. மறுபாதியை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் தாள் என்றாலே தீப்பிடிக்கும் சாமான் என்று ஒதுக்கிவிடுகிறவர். பத்திரிகை எதுவும் வீட்டுக்குள் வராது. அந்தத் தைரியத்தில் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மனிதர் இன்னும் ஒரு சாயங்காலம்கூடத் தனியாக நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.